ஒரு தூறா, ஒரு கூட்டமா?

கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளத்தை ஒட்டிப் போய்வருகிறவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். பொக்லைன் இறங்கி, ஆகாயத்தாமரையை வாரி வாரிக் கரையில் குவிக்கும். கொஞ்ச நாள் தண்ணீர் கண்ணில் படும். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் குளம் மறுபடியும் பச்சைப் பாய் விரித்துக் கிடக்கும். வாலாங்குளத்திலும் சிங்காநல்லூரிலும் இதேதான். கரையில் நின்று பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இது வாரிப் போட்ட அதே செடிதானா, புதிதாக முளைத்ததா? இந்தக் குளத்தில் இருப்பதும் அந்தக் குளத்தில் இருப்பதும் ஒன்றா, வேறா?

இன்னொரு கேள்வி நொய்யல் கரையில் எழும். மழை ஓய்கிற சமயத்தில் ஆலாந்துறை, பேரூர்ப் பக்கம் போனால் கரை நெடுக நாணல் பூத்திருக்கும். ஆளுயரத்துக்கு மேலே வெள்ளிப் பஞ்சு போன்ற கதிர்கள் காற்றில் சாய்ந்து நிமிரும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே உயரம், ஒரே நிறம். மண்ணுக்கடியில் கிழங்கு ஓடிப் பரவிய ஒரே செடியா இது? காற்றில் வந்து விழுந்த ஆயிரம் விதைகளின் ஆயிரம் செடிகளா?

இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். விடைகள் நேர் எதிரானவை. அந்த விடைகள் கிடைத்த வழியும், அதில் கோயம்புத்தூருக்கு இருக்கிற பங்கும்தான் இந்த அத்தியாயம்.

கரணை வைத்தவர்களுக்குத் தெரியும்

கொங்கு நாட்டுக் கரும்பு விவசாயிக்கு இதில் பாதி விஷயத்தை விளக்கவே வேண்டியதில்லை. அவர் விதை விதைப்பதில்லை, கரணை வைக்கிறார். ஒரு கரும்பை வெட்டிப் பத்துக் கரணை வைத்தால், முளைக்கிற பத்துத் தூறும் அதே கரும்புதான். தமிழகத்தில் பரவலாக நிற்கும் கோ 86032 ரகத்தில் எத்தனை லட்சம் தூறு இருந்தாலும், மரபு வழியில் அத்தனையும் ஒரே ஒரு நாற்றிலிருந்து கிளம்பியவை. இப்படி ஒரு செடியின் துண்டுகளாகவே பெருகியவை எல்லாம் சேர்ந்து ஒரு குளோன்.

நீர்நிலைச் செடிகளில் பெரும்பாலானவை இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன. சம்பு சேற்றுக்குள் கிழங்கு விட்டு நகரும். கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் பாய்க்காகப் பயிரிடும் கோரையும் கிழங்கு வைத்து வளர்ப்பதுதான். ஆகாயத்தாமரை பக்கவாட்டில் கொடி நீட்டி, அதன் நுனியில் குட்டிச் செடி விட்டு, பிறகு அறுந்து தனியே மிதந்து போகும். நாணலுக்கும் கிழங்கு உண்டு. ஆனால் இவை எல்லாம் பூக்கவும் செய்கின்றன, விதையும் வைக்க முடிகிறவை. ஒரு குளத்தில் எந்த வழி எவ்வளவு நடந்திருக்கிறது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா? நீர்நிலைச் செடிகளிடம் கண் தோற்றுப்போகும். ஆகாயத்தாமரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கமில்லாமல் மிதக்கும்போது அதன் இலைக்காம்பு குட்டையாக, நடுவில் வெங்காயம் போல உப்பியிருக்கும். வெங்காயத்தாமரை என்ற பெயர் வந்தது அதனால்தான். அதே செடி கூட்டத்தில் நெருக்குண்டால் காம்பு உப்பாமல் நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். தண்ணீரின் ஆழம், சாக்கடை கலந்திருக்கிற அளவு, வெயில் எல்லாமே உருவத்தை மாற்றும். உருவம் செடியின் பிறப்பைச் சொல்வதைவிட அது நிற்கிற தண்ணீரைத்தான் அதிகம் சொல்கிறது.

தண்ணீர் மாறினாலும் மாறாத அடையாளம் ஒன்று வேண்டும். அது செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது.

தறியில் எண்ணிக்கை தவறும் இடம்

டிஎன்ஏ என்பது நான்கே நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட மிக நீண்ட வரிசை. ஏ, டி, ஜி, சி என்று அந்த எழுத்துகளைக் குறிப்பது வழக்கம். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அந்த வரிசை முழுவதும் படியெடுக்கப்படுகிறது. பிழை மிக அரிது. ஆகையால் ஒரே இனத்தின் இரண்டு செடிகளை ஒப்பிட்டால் பெரும்பகுதி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். ஒத்துப்போகிற இடங்களால் நமக்குப் பயனில்லை. அடிக்கடி வேறுபடுகிற இடங்கள் வேண்டும்.

அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. வரிசையின் நடுவே சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும்: ஜிஏ ஜிஏ ஜிஏ ஜிஏ என்று பத்துப் பதினைந்து தடவை. நெகமத்துத் தறியில் சேலை நெய்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். உடலில் வெற்று நெசவு ஓடும்போது எண்ண வேண்டியது ஒன்றுமில்லை. ஒரே பூவைப் பன்னிரண்டு முறை அடுத்தடுத்துப் போட வேண்டிய இடத்தில்தான் கவனம் நழுவி ஒன்று கூடும், ஒன்று குறையும். சேலைக்கு அதனால் சேதமில்லை. டிஎன்ஏ படியெடுக்கும்போதும் நடப்பது இதுதான். திரும்பத் திரும்ப வரும் இடத்தில் இழை லேசாக வழுக்கி, 12 ஜிஏ இருந்த இடத்தில் 13 ஆகிவிடும். அந்த இடம் பெரும்பாலும் எந்தப் புரதத்துக்கும் கட்டளை தருவதாக இருக்காது; செடிக்கு நட்டமில்லை. 13 அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். இன்னொரு கிளையில் 11 ஆகியிருக்கும். காலப்போக்கில் ஒரே இனத்துக்குள் 9, 11, 12, 13, 17 என்று பல நீளங்கள் உலவத் தொடங்கும்.

இந்த இடங்களைக் குறுந்தொடர் என்று அழைப்போம். ஒரு குறுந்தொடரின் நீளத்தை அளந்து செடியை அடையாளம் காண முடிந்தால் அது ஒரு மரபுக் குறிப்பான். 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் மனிதர்களிடம் கண்டறிந்த டிஎன்ஏ கைரேகையும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை நம்பியதுதான். அங்கே தொடர்கள் இன்னும் நீளமானவை.

இலையிலிருந்து பட்டை வரை

ஒரு செடிக்குக் குறிப்பான் 'உருவாக்குவது' என்றால் என்ன? குறுந்தொடரை நாம் படைப்பதில்லை. அது ஏற்கெனவே செடிக்குள் இருக்கிறது. அதை ஒவ்வொரு முறையும் தவறாமல் சென்றடையும் வழியைத்தான் உருவாக்குகிறோம்.

வேலை இலையில் தொடங்குகிறது. இளம் இலையில் ஒரு விரல் நீளம் கிள்ளி, சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட பையில் மூடிவிட்டால் ஒரு நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். புதிய செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் சிறு பொட்டலமாகக் கிடக்குமே, அதே மணிகள்தான். மெல்லக் காய்ந்தால் இலையின் நொதிகள் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். வேகமாகக் காய்வதுதான் முக்கியம். ஆய்வகத்தில் மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனை ஊற்றி, கல்வத்தில் இட்டு மாவாக அரைப்பார்கள். சவர்க்காரம் போன்ற ஒரு வேதிக் கரைசலில் அந்த மாவைச் சூடாக ஊறவைத்தால் செல் சவ்வுகள் உடையும். குளோரோபாம் சேர்த்துச் சுழற்றினால் புரதமும் பச்சையமும் ஒதுங்கும். மேலே தெளிந்து நிற்கிற நீரில் குளிர்ந்த ஆல்கஹாலை விட்டதும் வெள்ளை நூலிழைகளாக டிஎன்ஏ சுருண்டு எழும். முதல்முறை பார்க்கிற மாணவர்கள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான்.

நீர்நிலைச் செடிகளில் இந்தக் கட்டமே பாதிச் சண்டை. வழவழப்பான கோந்தும், காற்றுப் பட்டதும் பழுப்பாகும் பொருள்களும் பல இனங்களில் நிறைய உண்டு. அவை டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த கட்டம் நடக்காது. உப்பின் அளவைக் கூட்டி, பழுப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்த்து, ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிப் பக்குவம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

பிறகு தேடல். முன்பெல்லாம் காந்த மணிகளில் ஜிஏ தொடரோடு ஒட்டக்கூடிய இழையைக் கட்டி, நொறுக்கிய டிஎன்ஏவுக்குள் தூண்டில் போட்டுக் குறுந்தொடர் உள்ள துண்டுகளை மட்டும் பிடித்தெடுத்தார்கள். இப்போது எழுத்து படிக்கும் எந்திரங்கள் மலிந்துவிட்டதால், லட்சக்கணக்கான துண்டுகளைப் படித்துவிட்டு, தொடர் எங்கே என்று கணினியிடம் தேடச் சொன்னால் போதும். தொடரைவிட முக்கியம் அதன் இருபுறமும் உள்ள எழுத்துகள். தொடர் செடிக்குச் செடி மாற வேண்டும். அதன் இருகரைகளும் எல்லாச் செடிகளிலும் மாறாமல் இருக்க வேண்டும். அந்தக் கரைகளில் போய் ஒட்டுகிற மாதிரி, சுமார் 20 எழுத்து நீளத்தில் இரண்டு சிறு டிஎன்ஏ துண்டுகளைச் செயற்கையாகச் செய்துகொள்கிறோம். அவற்றுக்குத் தொடக்கிகள் என்று பெயர்.

தொடக்கிகளைச் செடியின் டிஎன்ஏவோடு சேர்த்து பிசிஆர் எந்திரத்தில் வைப்பார்கள். கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் புகுந்த அதே பிசிஆர்தான். 1983இல் கேரி முல்லிஸ் கண்டறிந்து, 1993இல் நோபல் பெற்ற முறை. சூடாக்கி இழைகளைப் பிரித்து, குளிரவைத்துத் தொடக்கிகளை ஒட்டவைத்து, மிதமான சூட்டில் படியெடுக்கவைத்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. 30 சுற்று தடையின்றி நடந்தால் ஒரு துண்டு 107 கோடியைத் தாண்டிவிடும். அதை ஜெல்லில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் குட்டைத் துண்டு வேகமாக ஓடும், நெட்டைத் துண்டு பின்தங்கும். சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒவ்வொரு நீளமும் ஒரு பட்டையாகத் தெரியும்.

இப்படிச் செய்த தொடக்கிகளில் பல ஜோடிகள் தேறாது. சில எதையுமே பெருக்காது. சில வேண்டாத பத்து இடங்களில் ஒட்டிக்கொண்டு கலங்கலாக வரும். சில அழகாக வேலை செய்யும், ஆனால் எல்லாச் செடியிலும் ஒரே நீளத்தைக் காட்டும். அதனால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை. இன்னும் சிலவற்றில் ஏதோ ஒரு செடியின் கரை எழுத்தில் ஒன்று மாறியிருப்பதால் தொடக்கி ஒட்டாமல், இருக்கிற நீளமே இல்லாதது போலத் தோன்றும். வேறு வேறு இடங்களில் எடுத்த இலைகளில் சோதித்து, இவற்றையெல்லாம் கழித்து மிஞ்சுகிற ஒன்றிரண்டு டஜன்தான் குறிப்பான்கள். கட்டுரைகளில் ஒரு பக்க அட்டவணையாக முடிந்துபோகிற இந்த உழைப்பைத்தான் மரபு ஆய்வின் மிகப் பெரிய பகுதி என்று நினைக்கிறேன்.

சொந்தக்காரச் செடிக்கு யாராவது ஏற்கெனவே குறிப்பான் செய்திருந்தால் கடன் வாங்கலாம். நாணலுக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு. அது கரும்பின் பேரினத்தைச் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கரும்புக்குக் குறுந்தொடர்க் குறிப்பான்களை வெளியிட்டார்கள். அதன் பின் பல ஆய்வகங்கள் இத்தகைய கரும்புக் குறிப்பான்களை நாணலிலும் பயன்படுத்தின.

எட்டு மடி நாணல்

நாணலில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதர்களுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டிரண்டு: தாய் தந்தது, தந்தை தந்தது. நாணலில் அடிப்படைத் தொகுதி 8 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலில் மொத்தம் 64. அதாவது ஒவ்வொரு குரோமோசோமும் எட்டு எட்டாக இருக்கிறது. இந்த நிலைக்குப் பன்மடியம் என்று பெயர். ஒரே குறிப்பானில் ஒரு செடி எட்டு நீளங்கள் வரை காட்டலாம். மூன்று பட்டைதான் தெரிகிறது என்றால், எந்த நீளம் எத்தனை பிரதி என்று ஜெல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே நாணலில் இந்தப் பட்டை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்துக்கொண்டு போவது வழக்கம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நொய்யலின் சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குக் கீழே கரையோரமாக ஆறு தூறுகளில் இலை எடுக்கிறோம். முதல் குறிப்பானில் 1, 2, 3ஆம் தூறுகள் 142, 146, 154 என்ற எழுத்து நீளங்களில் பட்டை காட்டுகின்றன. 4ஆம் தூறு 142, 150, 160. 5ஆம் தூறு 146, 154 மட்டும். 6ஆம் தூறு மறுபடியும் 142, 146, 154.

4 தனிச் செடி, சந்தேகமில்லை. 5இல் 142 விடுபட்டிருக்கிறது. உண்மையிலேயே இல்லையா, பிசிஆர் சரியாக நடக்கவில்லையா? அதைத் திரும்பச் செய்து பார்க்காமல் எழுதக் கூடாது. இரண்டாவது முறையும் இல்லை என்றால் அதுவும் தனிச் செடி. மீதி நான்கும் ஒன்றா? ஒரு குறிப்பானை வைத்துச் சொன்னால் அவசரம். இரண்டாவது குறிப்பானைப் போடுகிறோம். 1, 2, 3 மூன்றும் 205, 211 காட்டுகின்றன. 6 மட்டும் 205, 219. ஆக 6உம் வேறு. பல பட்டைகள் பொதுவாக இருப்பதால் உடன்பிறப்பாகக்கூட இருக்கலாம், ஆனால் அதே செடி இல்லை.

மிஞ்சிய 1, 2, 3 ஒரே செடிதான் என்று எப்போது சொல்லலாம்? ஒரு பட்டை அந்த ஆற்றில் உள்ள நாணல்களில் பாதியில் இருக்கிறது, பாதியில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சம்பந்தமில்லாத இரண்டு செடிகள் அந்தப் பட்டையில் தற்செயலாக ஒத்துப்போக இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒன்றையொன்று சாராத இரண்டு பட்டைகளில் ஒத்துப்போக நான்கில் ஒன்று. பத்துப் பட்டைகளில் 1,024இல் ஒன்று. 20 பட்டைகளில் 10,48,576இல் ஒன்று. 20 பட்டையிலும் மூன்று தூறுகள் பிசகாமல் ஒத்துப்போனால், அது தற்செயல் என்று சொல்வது கடினம். கிழங்கு ஓடிப் பரவிய ஒரே செடி. உடன்பிறப்புகள் இதைவிட அதிகம் ஒத்துப்போகும் என்பதால் கவனமான ஆய்வாளர் 40, 50 பட்டை வரை போவார். எப்படியும் விடை இது: கரையில் நின்ற ஆறு தூறில் உண்மையில் இருப்பவை நான்கு செடிகள்.

படிக்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிசிஆர் குழாய்க்குள் படியெடுக்கும் நொதியும் குறுந்தொடரில் வழுக்கும். அதனால் உண்மையான பட்டைக்குப் பக்கத்தில் இரண்டெழுத்து குறைவாக ஒரு மங்கிய நிழல் பட்டை விழும். பழகாத கண் அதையும் ஒரு நீளமாக எண்ணிவிட்டால் ஆறு தூறும் ஆறு செடியாகிவிடும்.

கரைப் புல் தகப்பனான ஆண்டு

நாணலுக்குள் இருக்கிற வேறுபாடு ஏன் இவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பதற்குக் கோயம்புத்தூரிலேயே நூறாண்டு தாண்டிய சான்று இருக்கிறது.

1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. கரும்பு இங்கே தாராளமாகப் பூக்கும், முளைக்கும் விதையும் வைக்கும். இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அது முக்கியக் காரணம். வட இந்தியாவின் மெலிந்த கரும்புகளில் விளைச்சல் குறைவு. தெற்கின் தடித்த கரும்புகள் வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ஒரு துணிச்சலான கலப்பைச் செய்தார்கள். தாய், 'வெள்ளை' என்ற தடித்த கரும்பு. தந்தை, கோயம்புத்தூர்ப் பகுதியில் தானாக வளர்ந்து நின்ற நாணல். சர்க்கரைச் சத்து அதிகமில்லாத, குச்சி போன்ற, களை என்று ஒதுக்கப்பட்ட புல். பிறந்த பிள்ளைகளில் ஒன்று கோ 205. 1918இல் வட இந்தியாவுக்காக வெளியிடப்பட்ட அந்த ரகத்துக்கு நாணல் தந்தது தாங்கும் சக்தி, தூர் கட்டும் குணம், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும் வேகம்.

அந்தக் கலப்புக்குள் ஒரு விநோதம் நடந்திருக்கிறது. வெள்ளைக்கு 80 குரோமோசோம், நாணலுக்கு 64. இருவரும் பாதிப் பாதி தந்திருந்தால் பிள்ளைக்கு 40உம் 32உம் சேர்ந்து 72 இருக்க வேண்டும். கோ 205இல் இருப்பது 112. தாய் தன் 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டது. தந்தை 32 மட்டுமே கொடுத்தது. கரும்பும் நாணலும் கலக்கும்போது இப்படி நடப்பது பின்னால் பல கலப்புகளில் உறுதியானது.

குறுந்தொடர்களைப் பற்றி யாரும் அறியாத அந்தக் காலத்தில் குரோமோசோம் எண்ணிக்கைதான் செடிக்குள்ளிருந்து கிடைத்த முதல் அடையாளம். 1934 முதல் 1939 வரை இந்த நிறுவனத்தில் பணியாற்றிய இ.கே. ஜானகி அம்மாள், வெவ்வேறு இடத்து நாணல்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். இன்று நமக்குத் தெரிந்தபடி நாணலில் அந்த எண்ணிக்கை 40இலிருந்து 128 வரை போகிறது. ஒரே இனத்துக்குள் மும்மடங்கு இடைவெளி! கரையில் நிற்கும்போது எல்லாம் ஒரே புல்லாகத் தெரிவதுதான் வியப்பு.

இன்று உலகில் சாகுபடியாகும் கரும்புகள் பெரும்பாலும் கோவையிலும் ஜாவாவிலும் நடந்த இத்தகைய ஒருசில பழைய கலப்புகளிலிருந்து வந்தவை. விரல்விட்டு எண்ணக்கூடிய நாணல் செடிகளின் ரத்தமே அவ்வளவிலும் ஓடுகிறது. அடிப்படை இவ்வளவு குறுகியிருப்பது ஆபத்து. செவ்வழுகல் போன்ற நோய் புது வடிவம் எடுத்தால் எதிர்க்கும் குணத்தை மறுபடியும் காட்டு உறவினரிடம்தான் கேட்க வேண்டும். அதற்காகவே இந்தியாவில் நாணல் தேடல் திட்டம் ஒன்று நடந்தது. அதில் சேகரித்த செடிகளுக்கு எஸ்இஎஸ் என்று எண் இட்டார்கள். அவற்றில் 208ஆம் எண் செடி உலகப் புகழ் பெற்றுவிட்டது. 1993இல் நாணலின் முதல் மரபு வரைபடங்களில் ஒன்றைக் குறிப்பான்கள் கொண்டு வரைந்தபோது பயன்பட்டது அதுதான். 2018இல் நாணலின் முழு டிஎன்ஏ வரிசை, 313 கோடி எழுத்து, வெளியானதே, அந்தச் செடியும் எஸ்இஎஸ் 208இன் மகரந்தப்பையிலிருந்து வளர்த்தெடுத்த பாதிக் குரோமோசோம் வாரிசு. இந்த வரிசை கையில் இருப்பதால் இனி நாணலுக்குக் குறிப்பான் தேடுவது பெருமளவு கணினி வேலை.

ஆகாயத்தாமரை தந்த விடை

இப்போது குளத்துக்கு வருவோம். ஆகாயத்தாமரை தென்னமெரிக்கச் செடி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்து, ஆறுகளையும் வாய்க்கால்களையும் அடைத்து, 1936இல் அதை ஒழிப்பதற்கென்றே அங்கே ஒரு சட்டம் போட வைத்தது.

முதல் தடயம் அதன் பூவிலேயே இருந்தது. தாயகத்தில் இந்தச் செடிக்கு மூன்று வகைப் பூக்கள் உண்டு: சூல்தண்டு நீண்டது, நடுத்தரமானது, குட்டையானது. கனடாவின் ஸ்பென்சர் பேரட் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து பார்த்தார். செடி புதிதாகப் போய்ச் சேர்ந்த நாடுகளில் கிட்டத்தட்ட எங்கும் நடுத்தர வகைதான். குட்டை வகை தென்னமெரிக்காவை விட்டு வெளியே வரவே இல்லை. வந்தவை மிகச் சில செடிகள் என்பதற்கு அது குறி. ஆனால் பூவை வைத்து, அத்தனையும் ஒரே செடியா என்று சொல்ல முடியாது.

2010இல் சீன ஆய்வாளர்களும் பேரட்டும் சேர்ந்து, உலகின் 54 இடங்களிலிருந்து எடுத்த 1,140 செடிகளை வேறொரு வகை மரபுக் குறிப்பானால் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். 1,140இலும் தேறிய குளோன்கள் 49 மட்டுமே. அதிலும் ஒரே ஒரு குளோன் சோதித்த செடிகளில் சுமார் 71 சதவீதம். தாயகத்துக்கு வெளியே நான்கில் மூன்று இடங்களில் அதுவே கோலோச்சியது. தாயகத்தில் அந்தக் குளோனைக் கண்டது பெருவின் இரண்டு இடங்களில்.

ஆகக் கண்டங்களைத் தாண்டிப் பரவியிருப்பது பெரும்பாலும் ஒரு செடியின் துண்டுகள். உக்கடத்திலும் வாலாங்குளத்திலும் சிங்காநல்லூரிலும் மிதப்பவையும் அதே செடியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. விதையும் வைக்கும், அது சேற்றில் பல ஆண்டுகள் உறங்கியும் கிடக்கும். ஆனால் தன் மகரந்தமே தன்னிடம் சேர்ந்து உண்டாகிற விதையில் புதிய ரத்தம் ஏது?

இந்த விடையிலிருந்து ஒரு நடைமுறை முடிவு வருகிறது. ஒரு குளத்தில் ஆகாயத்தாமரை வெறிகொண்டு வளர்கிறது, மேலே உள்ள இன்னொரு குளத்தில் ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்றால், செடிமேல் பழி போட முடியாது. செடி பெரும்பாலும் ஒன்றே. மாறுவது தண்ணீர். சாக்கடையோடு வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதைக் கொழுக்க வைக்கின்றன. கழிவுநீர் வாய்க்காலைத் திருப்பாமல் பொக்லைனை மட்டும் இறக்குவது வீண் செலவு என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். 1980களின் தொடக்கத்தில் ஆகாயத்தாமரையைத் தின்னும் கூன்வண்டுகள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெங்களூரு ஏரிகளில் நல்ல பலன் தந்தன. அங்கே பலித்தது இங்கே பலிக்குமா என்று கேட்பவர்களுக்கும் குறிப்பான் பாதி விடை தருகிறது: செடி வேறாக இருப்பதால் தோற்றது என்று சொல்வது கடினம். வண்டுக்கு ஏற்ற வெப்பம், தண்ணீர், நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

தூர்வாரும் முன்

ஒரே குளத்தில், ஒரே பொக்லைனின் வாயில், இந்த இரண்டு செடிகளும் சேர்ந்து போகின்றன. தண்ணீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையை அள்ளும்போது கரைச் சரிவில் நிற்கும் நாணலும் புதர் என்ற பெயரில் வழிக்கப்படுகிறது. பிறகு சரிவில் கல் பதித்து, நடைபாதை போடப்படுகிறது. முதல் செடியில் ஒரு டன் போனாலும் மரபில் இழப்பு சுழியம். அதன் நகல் உலகெங்கும் மிதக்கிறது. இரண்டாவது செடியில் ஒரு தூறு போனால், வேறெங்கும் இல்லாத ஒரு செடி போயிருக்கலாம். கோ 205க்குத் தந்தையானதும் இதே மாவட்டத்து நாணல்தான்.

நொய்யலில் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. வெள்ளியங்கிரி அடிவாரத்து நாணலும் திருப்பூர்ச் சாயநீர் ஓடிய பகுதியைத் தாண்டி நிற்கிற நாணலும் உறவா? வெள்ளத்தில் கிழங்கு மிதந்து கீழே போவதால் கீழ்ப்பகுதியில் வகைகள் சேர்கின்றனவா, காற்றில் பறக்கும் விதை அதைச் சமன் செய்துவிடுகிறதா? ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் குளங்களில், வாய்க்கால் தூர்ந்துபோன குளத்தின் நாணல் தனிமைப்பட்டு ஒரே குளோனாகச் சுருங்குகிறதா? 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரோடு வெள்ளோட்டிலும், 2024இல் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் கரைச் செடிகளின் மரபையும் பறவைகளைப் போலவே கணக்கெடுக்க முடியும். குறிப்பான்கள் தயார், எழுத்து படிக்கும் செலவும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

முதலில் வேண்டியது இலை. அதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு குளத்தைத் தூர்வார முடிவானதும், எந்திரம் வருவதற்கு முந்தைய வாரத்தில், கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் கரையைச் சுற்றி நடக்கலாம். ஒரே தூறில் இரண்டு முறை எடுத்துவிடாதபடி இடைவெளி விட்டு, ஒவ்வொரு தூறிலும் நோயில்லாத இளம் இலையில் ஒரு விரல் நீளம் கிள்ளி, தனித்தனிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு மூட வேண்டும். பையின் மேல் தேதி, குளத்தின் பெயர், கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, தண்ணீர் விளிம்பிலிருந்து தூரம். மணிகள் நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். வேறு மணிகள் மாற்ற வேண்டும். இலையோடு சேர்த்து, ஒவ்வொரு பத்துத் தூறுக்கும் ஒன்றிலிருந்து கிழங்குத் துண்டு எடுத்துத் தொட்டியில் நட்டுவைத்தால், பின்னால் பட்டைகளைப் பார்த்து இது புதியது என்று தெரியவரும்போது செடியும் உயிரோடு இருக்கும்.